கம்பி வேலி வரும் பக்கங்கள்

"பிள்ளைக கையில குடுக்கிற புத்தகமா டீச்சர் இது? பக்கத்துக்குப் பக்கம்..."

"பக்கம் எங்கண்ணே இருக்கு? அதத்தான..."

"...சாவு, ரத்தம், கரண்டு..."

"...வெட்டி எடுத்துட்டீகளே."

கோட்டைச்சாமி வீட்டுக் கூடத்தில் அவரும் முத்துலட்சுமி டீச்சரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கையில் பள்ளி நூலகப் புத்தகம். மலையடிவாரத் தோட்டத்துக்கு இறங்கிவந்த ஒரு யானையும் அதன் குட்டியும் பற்றிய கதை. அதில் கடைசிப் பக்கங்கள் இல்லை. வெட்டிய இடம் அத்தனை சுத்தம். திராட்சைக் கொத்தில் பிஞ்சு கழிக்கிற கத்தரியின் வேலை என்று ஊரில் யார் பார்த்தாலும் சொல்லிவிடுவார்கள்.

பள்ளி மேலாண்மைக் குழுவின் தலைவி கோட்டைச்சாமியின் மனைவி ஹேமாவதி. தலைமைக்குப் பெண்தான் வரவேண்டும் என்பது விதி. அதனால் கையெழுத்து அவளுடையது, கருத்து அவருடையது. பிள்ளைகள் மனத்தைக் கெடுக்கும் நூல்களைக் களையக் குழு தீர்மானம் போட்டிருப்பதாக அவர் சொன்னார். எப்போது என்று டீச்சர் கேட்டார். இன்று காலை, வீட்டிலேயே என்று பதில் வந்தது. ஹேமாவதி டீவியிலிருந்து கண்ணை எடுக்காமல் தலையாட்டினாள்.

டீவியில் மூத்த மருமகள் மாமனாரின் பாலில் விஷம் கலந்துகொண்டிருந்தாள். திங்கட்கிழமையிலிருந்து கலக்குகிறாள். போன வாரம்தான் கொழுந்தனைக் கிணற்றில் தள்ளி முடித்திருந்தாள். தெருப்பிள்ளைகளில் பாதிப்பேர் கூடத்தில் சம்மணம் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். விளம்பரம் வந்தால் மட்டும் முகம் சுளித்தார்கள்.

இதைப் பார்த்துவிட்டுத்தான் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் பள்ளியில் காலைச் சாப்பாட்டைத் தொடுவதில்லை என்றார் டீச்சர். பக்கத்தில் இருப்பவனை ஒரு வாய் தின்னச் சொல்லி, அவன் கண் சொருகாமல் இருக்கிறானா என்று பார்த்த பிறகுதான் தின்கிறார்களாம். பொங்கல் ஆறிக் கட்டியாகிப் போகிறதாம். சமைக்கிற முருகம்மாள் அழுகிறாளாம்.

"அது சூதானம் டீச்சர். நாலும் தெரிஞ்சு வளரட்டுமே," என்றார் கோட்டைச்சாமி.

டீச்சர் வந்தது நதியாவுக்காக. நதியா கோட்டைச்சாமியின் மகள், ஏழாம் வகுப்பு. சனிக்கிழமை தேனியில் நடக்கும் கதை சொல்லும் போட்டிக்குப் பள்ளியிலிருந்து போவது அவள் ஒருத்திதான். அட்டைப்படத்தைப் பார்த்துக் கதையை அவளே தேர்ந்தெடுத்திருந்தாள். புதிதாக வந்த புத்தகம், பள்ளியில் இருந்ததும் இந்த ஒரு பிரதிதான், டீச்சர்கூட இன்னும் வாசித்திருக்கவில்லை. முந்தின நாள் சாயங்காலம் இதே கூடத்தில், டீவிச் சத்தத்துக்கு மேலே குரல் எடுத்து முதல் தடவையாக வாசித்தாள். யானை வேலியை நெருங்குகிறது, தோட்டக்காரர் கம்பியில் களவாக மின்சாரம் விட்டிருக்கிறார் என்ற இடம் வந்தது. அவள் அப்பா எழுந்துபோய், அவளுக்குத் தெரிந்து முதன்முறையாக, டீவியை அணைத்தார். இன்றைக்கு இது போதும், போய்ப் படு என்றார். விடிந்து பார்த்தால் மிச்சக் கதை இல்லை.

கோட்டைச்சாமியின் திராட்சைத் தோட்டமும் மலையடிவாரத்தில்தான் இருக்கிறது. போன ஐப்பசியில் அவர் வேலியோரம் அதே ஊர்த் தவசியின் பசு செத்துக் கிடந்தது. வாயில் நுரை இல்லை, உடம்பில் பல் தடம் இல்லை. பாம்பு கடித்துவிட்டது என்று ஊர் முடிவு செய்தது. முதலில் சொன்னவர் கோட்டைச்சாமி. டீச்சருக்கும் இது தெரியும். ஆனால் அதைப் பேச்சில் எடுக்காமல், வெட்டிய பக்கங்களை மட்டும் திருப்பிக் கேட்டார். அடுப்பில் போட்டாயிற்று என்றார் கோட்டைச்சாமி.

அதுவரை கதவோரம் நின்றிருந்த நதியா முன்னால் வந்தாள்.

"அப்ப நான் போட்டியில என்னத்தப்பா சொல்ல? குட்டி பிழைச்சுச்சா இல்லையான்னே தெரியலையே."

"யானையும் பூனையும் எதுக்கு ஆத்தா? இந்தா ஓடுதுல்ல, இதச் சொல்லு. மொத நாள்ல இருந்து பாத்திருக்க. தடங்கலே வராது."

உண்மைதான். மூன்று கொலை, ஒரு கடத்தல், பிரேக் அறுத்த கார் எல்லாம் அவளுக்கு வரிசை பிசகாமல் மனப்பாடம். சொன்னால் பரிசுகூடக் கிடைக்கும். அவள் தனக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டாள்.

கோட்டைச்சாமி குரலை இறக்கினார். கெட்டதை வாசித்தால் கெட்டது மனசில் ஒட்டிக்கொள்ளும் என்றார். அப்பன் எது செய்தாலும் உன் நல்லதுக்குத்தான் என்றார். டீவியில் மாமனார் டம்ளரை வாயருகே கொண்டுபோனார். பிள்ளைகள் மூச்சைப் பிடித்தார்கள். தலைவி ஹேமாவதி எழுந்து டீவியை அணைத்தாள்.

நதியா அப்பாவின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"கதையில கரண்டு விட்டவுக பேரே போடலையேப்பா, நீங்க எதுக்கு வெட்டுனீக?"