பட்டினித் தொட்டி

அந்த மீன் பண்ணையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். உண்மையில் அவளை அப்படிக் கூப்பிட உரிமை உள்ளவன் ஒரே ஒருவன், அவளுடைய கொழுந்தன். கடலுக்குள் மிதக்கும் கூண்டுகளில் முக்குளித்து வேலை பார்க்கிறவன். அவன் கூப்பிடுவதைக் கேட்டு மற்றவர்களும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் அவளைவிடப் பத்து வயது மூத்த மேனேஜரே "அண்ணி, மோட்டார் ஓடுதா?" என்று கேட்கிற அளவுக்கு வந்துவிட்டது. கொழுந்தனுக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, முக்குளிப்பான். கரையில் இருக்கிற நேரத்தைவிடத் தண்ணீருக்குள் இருக்கிற நேரம் அதிகம் என்று யாரோ கிண்டலாக வைத்த பெயர். அவனுக்கு அதில் பெருமைதான்.

பெருமை கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது. கடலில் வேலை செய்கிறவர்களுக்குக் கரைக்காரர்கள் மேல் எப்போதும் ஒரு இளக்காரம். கூண்டு என்றால் சும்மாவா? நடுக்கடலில் வட்டமாக மிதக்கும் குழாய், அதிலிருந்து கீழே இறங்கும் வலை, அதற்குள் ஆயிரக்கணக்கில் கடல் விரால். கிழிந்த வலையை மூச்சைப் பிடித்துக்கொண்டு தைக்க வேண்டும். அதையெல்லாம் செய்துவிட்டு வந்தவன், கொட்டகைக்குள் தொட்டிகளுக்கு நடுவே வாளியும் கையுமாக நடக்கும் அண்ணியைப் பார்த்து, "என்ன அண்ணி, இன்னிக்கு அலை ஜாஸ்தியா?" என்று கேட்பான். அவளும் பதிலுக்குச் சிரித்துவிட்டுப் போய்விடுவாள். அவளுக்குப் பதில் சொல்ல நேரமில்லை என்பதுதான் உண்மை.

அவள் வேலை என்ன என்று தெரிந்தால் யாரும் இளக்காரமாகப் பேச மாட்டார்கள். தாய் மீன் முட்டை விடும். முட்டை ஒரு நாளில் பொரியும். பொரிந்த குஞ்சுக்கு வாயே கிடையாது, மூன்றாம் நாள்தான் வாய் திறக்கும். திறந்த அந்த வாய்க்குள் போகிற அளவுக்குச் சின்னதாக, கண்ணுக்கே தெரியாத உயிர்களைப் பச்சைத் தண்ணீரில் தனியாக வளர்த்து வைத்திருக்க வேண்டும். வாய் திறக்கிற நேரத்துக்கு அது தயாராக இல்லையென்றால் தொட்டி மொத்தமும் காலி. அதைத் தாண்டினால் இன்னொரு கூத்து. இந்த மீன் வளர்கிற வேகத்துக்கு, மூன்று வாரத்திலேயே அண்ணன் தம்பியை விழுங்க ஆரம்பித்துவிடும். பெரியதைப் பெரியதோடும் சின்னதைச் சின்னதோடும் மூன்று நாளைக்கு ஒருமுறை பிரித்துப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பது என்பார்களே, அதை வேலையாகவே செய்தவள் அவள் ஒருத்திதான்.

அப்படிப் பார்த்தும் அந்த ஆண்டு முதல் இரண்டு தொகுதிகள் போய்விட்டன. ஒன்று மின்சாரம் நின்று போனதால், இன்னொன்று ஏனென்றே தெரியாமல். முதலாளி வந்து தொட்டிகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு, மூன்றாவதும் கூண்டுக்குப் போய்ச் சேரவில்லையென்றால் இந்தக் குஞ்சுப் பொரிப்பகத்தை மூடிவிடலாம், குஞ்சுகளை வெளியிலிருந்து வாங்கிக்கொள்ளலாம், அண்ணி ஐஸ் போடும் கொட்டகைக்கு வந்துவிடட்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். சத்தம் போட்டிருந்தால்கூடப் பரவாயில்லை. சாதாரணமாகச் சொன்னார். பன்னிரண்டு வருஷம் அவள் கற்றுக்கொண்டதெல்லாம் அந்த எட்டுத் தொட்டிக்குள்தான் இருந்தது.

மூன்றாவது தொகுதி தேறியது. ஒரு லட்சம் குஞ்சில் நாலாயிரம் மிஞ்சி, விரல் நீளம் தாண்டி, கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்டுக்கொண்டு இரண்டு தொட்டியில் ஓடின. நாற்பத்தெட்டு நாள் அவள் வீட்டுக்குப் போனது குளிக்கவும் துணி மாற்றவும் மட்டுந்தான். கடலுக்கு அனுப்ப நாள் குறித்தாயிற்று. மறுநாள் காலை ஆறு மணிக்குப் படகு. அதற்குப் பிறகு ஒரு வாரத்துக்குக் காற்று என்று வானிலை சொல்லியிருந்தது. ஒரு வாரம் தள்ளிப் போட்டால் அந்த இரண்டு தொட்டி தாங்காது, ஒன்றை ஒன்று தின்றே பாதியாகிவிடும்.

பயணத்துக்கு முந்தைய நாள் முழுக்க மீன்களுக்குப் பட்டினி. இது கண்டிப்பான விதி. வயிறு நிறைந்த மீனைப் படகுத் தொட்டியில் நெருக்கி ஏற்றினால், பயத்தில் கக்கும், கழியும். அந்தக் கழிவே தண்ணீரை நஞ்சாக்கி எல்லாவற்றையும் கொன்றுவிடும். பட்டினித் தொட்டி என்று தெரிவதற்கு விளிம்பில் சிவப்புத் துணி கட்டுவார்கள். அண்ணி காலையிலேயே இரண்டிலும் துணியைக் கட்டிவிட்டு, மத்தியானம் இரண்டு மணி நேரம் கண்ணை மூடிவிட்டு வருகிறேன் என்று வீட்டுக்குப் போனாள்.

அந்த இரண்டு மணி நேரத்தில்தான் முக்குளிப்பான் வந்தான். படகில் ஏற்ற வேண்டிய குழாய்களை எடுக்க வந்தவன் தொட்டியை எட்டிப் பார்த்தான். கடல் விராலுக்கு மனிதர்களைக் கண்டால் பயம் கிடையாது. நிழல் விழுந்ததும் இரண்டாயிரம் மீனும் அவன் பக்கமாக மேலே வந்து, வாயைத் திறந்து திறந்து மூடின. கூண்டில் அவனுக்குப் பழக்கம் ஒன்றுதான். மேலே வந்து கேட்கிற மீனுக்குப் போட்டுவிட வேண்டும். அவன் சிவப்புத் துணியைப் பார்க்கவில்லை என்று சொன்னால் அது பொய். பார்த்தான். ஒரு பிடி போட்டால் என்ன ஆகிவிடப் போகிறது என்று நினைத்தான். ஓரத்தில் இருந்த தீனி வாளியிலிருந்து ஒரு பிடி போட்டான், அவை இன்னும் கேட்டன. பக்கத்துத் தொட்டிக்காரர்களுக்கு மட்டும் இல்லையா என்று அங்கேயும் போட்டான். கடைசியில் பார்த்தால் வாளியில் பாதி தீனியைக் காணோம். வாளியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, குழாய்களை எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினான்.

சாயங்காலம் அண்ணி வந்து டார்ச் அடித்துப் பார்த்தாள். மீன்களின் வயிறு உருண்டையாக இருந்தது. அரை மணி நேரத்தில் மேனேஜர், படகுக்காரர்கள், தொட்டி கழுவுகிற பெண்கள் எல்லோரும் கொட்டகையில் நின்றார்கள். முக்குளிப்பானும் நின்றான். யார் தீனி போட்டது என்று மேனேஜர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். சொல்ல வேண்டும், இதோ சொல்லிவிடலாம் என்று முக்குளிப்பான் நினைத்துக்கொண்டு இருக்கையில், அண்ணி வாயைத் திறந்தாள்.

"நான்தான் போட்டேன். கேட்டுச்சுங்க, மனசு கேக்கல."

மேனேஜருக்கு முதலில் நம்பிக்கை வரவில்லை, அப்புறம் கோபம் வந்தது. பன்னிரண்டு வருஷ அனுபவம், புதுசா வந்தவகூடச் செய்வாளா இப்படி என்று எல்லோர் எதிரிலும் வாங்கு வாங்கென்று வாங்கினார். அவள் தலையைக் குனிந்துகொண்டு கேட்டாள். திட்டி முடித்ததும், நாளைக் காலையில் எப்படியும் கிளம்பித்தான் ஆக வேண்டும், தானும் படகில் வருவதாகச் சொன்னாள். அதைக் கேட்டுத் திரும்பிப் பார்த்தது அவள் புருஷன். படகோட்டுகிறவன் அவன்தான், முக்குளிப்பானின் அண்ணன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவன் படகில் ஏறியதே இல்லை. கட்டிப்போட்டிருக்கிற படகில் கால் வைத்தாலே அவளுக்கு வாந்தி வரும்.

காலையில் நாலாயிரம் குஞ்சையும் படகுத் தொட்டிகளில் ஏற்றிக் கிளம்பினார்கள். இரண்டரை மணி நேரப் பயணம். அவள் பயந்தபடியே துறைமுகத்தைத் தாண்டுவதற்குள் தண்ணீர் கலங்கியது. அடியில் கழிவு படிந்தது, மேலே நுரை கட்டியது. படகின் பம்பைப் போட்டுத் தண்ணீரை மாற்றினால், அது வரும் வேகத்தில் சோர்ந்துபோன குஞ்சுகள் சுவரில் மோதிச் சாகும். அண்ணி ஒரு மெல்லிய குழாயை எடுத்தாள். ஒரு முனையைத் தொட்டியின் அடியில் விட்டு, மறுமுனையை வாயில் வைத்து உறிஞ்சி, தண்ணீர் வந்ததும் கடலுக்குள் திருப்பிவிட்டாள். அடியில் இருந்த அழுக்கை அங்குலம் அங்குலமாக அந்தக் குழாயாலேயே பெருக்கி எடுத்தாள். வெளியே போன அளவுக்கு முக்குளிப்பான் கடல் தண்ணீரை மொண்டு, தொட்டி ஓரமாகச் சத்தமில்லாமல் ஊற்றினான்.

அலையில் படகு ஏறி இறங்கியது. அவள் உறிஞ்சினாள், ஓரத்துக்குப் போய் வாந்தி எடுத்தாள், வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பி வந்து மறுபடி உறிஞ்சினாள். அந்தக் குழாயில் சில சமயம் அழுக்குத் தண்ணீர் வாய்க்குள்ளேயே போகும். அதற்கும் ஒருமுறை வாந்தி. வயிற்றில் ஒன்றுமே இல்லை என்ற பிறகும் வந்தது. அண்ணன் அன்றைக்குப் படகை ஓட்டிய மாதிரி ஒருநாளும் ஓட்டியதில்லை. அலையைப் பார்த்துப் பார்த்துச் சாய்த்து ஓட்டினான், ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் படகைத் திருப்பியிருப்பான் போல.

பாதி வழியில் முக்குளிப்பானால் தாங்க முடியவில்லை. வாளியைக் கீழே வைத்தான்.

"அண்ணி, நேத்து தீனி போட்டது நான்."

"தெரியும், தம்பி. எங்க ஆளுங்க தூவுவாங்க. நீ கூண்டுல போடற மாதிரி வீசியிருந்தே. சுவரெல்லாம் ஒட்டிக்கிட்டு இருந்துச்சு."

"அப்புறம் ஏன் நீங்க போட்டதா சொன்னீங்க?"

அவள் குழாயின் முனையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். முகம் வெளுத்து, கண் சிவந்து, உதட்டில் உப்புப் பூத்திருந்தது.

"நான்னா திட்டிட்டு விட்டுடுவாரு. நீன்னா உன்னைக் கூண்டுல இருந்து தூக்கிடுவாரு. அங்க வேற எவன் இருக்கான், உன்ன மாதிரி வலை பாக்கறவன்? நான் இதுவரைக்கும்தான் வளர்க்க முடியும். இனிமே இதுங்களுக்கு நீதான் வேணும். தண்ணிய ஊத்து."

உன்னைக் காப்பாற்றத்தான் சொன்னேன் என்று அவள் சொல்லியிருந்தால் அவன் அழுதுவிட்டு ஆறுதலடைந்திருப்பான். அவள் காப்பாற்றியது மீனை. அவனுக்குச் சுரீரென்றது. ஆனால் அவன் வேலையை அவ்வளவு உயர்வாக அதுவரை யாரும் சொன்னதுமில்லை. இந்த மனுஷியைப் பார்த்தா இத்தனை நாள் அலை ஜாஸ்தியா என்று கேட்டோம் என்று நினைத்தான். வெட்கத்தில் காது சூடாகிவிட்டது. வாளியை எடுத்து ஊற்ற ஆரம்பித்தவன் கூண்டு வரும்வரை நிறுத்தவில்லை.

கூண்டில் விட்டபோது செத்தது எழுபத்து மூன்று. அவள் ஒவ்வொன்றாக எண்ணினாள். மற்றவை கொஞ்ச நேரம் வலை ஓரத்தில் திகைத்து நின்றன. பிறகு ஒரே பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தன. அதைப் பார்த்த பிறகுதான் அவள் படகில் மல்லாந்து படுத்தாள்.

பொரிப்பகம் மூடப்படவில்லை. ஆனால் "மனசு கேக்காத அண்ணி" என்கிற கதை பண்ணை முழுக்கப் பரவியது. புதிதாக யார் வந்தாலும் மேனேஜர் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். அவளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். முக்குளிப்பான் உடனே போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் கூண்டை விட்டுத் தூக்குவார்கள், பிறகு அவள் வாங்கிக் கட்டிக்கொண்டதற்கு அர்த்தமே இல்லை. அதனால் ஒவ்வொரு முறையும் மென்று விழுங்கினான். விழுங்கிவிட்டுத் தண்ணீருக்குள் இறங்கினான். ஒரு விரல் நுழைகிற கிழிசலைக்கூட அவன் அந்த வலையில் விட்டுவைக்கவில்லை. புயல் வந்த இரண்டு நாளும் முதலில் கடலுக்குப் போனவன் அவன்தான்.

மீன்கள் வளர்ந்தன. சும்மா வளரவில்லை, பார்த்தவர்கள் வாயைப் பிளக்கிற மாதிரி வளர்ந்தன. விரல் அளவு முழங்கை அளவாகி, ஏழாம் மாதம் ஒவ்வொன்றும் மூன்று கிலோ. அடுத்த வாரம் அறுவடை என்றபோது, வேறு ஒரு கம்பெனியிலிருந்து நாலு பேர் கூண்டைப் பார்க்க வந்தார்கள். மேனேஜர் அண்ணியையும் படகில் கூட்டி வந்தார். வழியில் அவள் வாந்தி எடுத்தாள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

முக்குளிப்பான் கூண்டுக்குள் இறங்கி ஒரு மீனைத் தூக்கிக் காட்டினான். இரண்டு கையாலும் அணைத்துத்தான் பிடிக்க முடிந்தது. வந்தவர்கள் ஆச்சரியப்பட்டுப் படம் எடுத்தார்கள். மேனேஜருக்கு உற்சாகம் வந்துவிட்டது. "இதெல்லாம் தப்பிச்சதே பெரிய விஷயம் சார். இந்த அண்ணி இருக்காங்களே" என்று வழக்கமான கதையை ஆரம்பித்தார். நாலு பேரும் சிரிக்கத் தயாராகி அவளைப் பார்த்தார்கள். அவளும் சிரிப்பதற்கு முகத்தை வைத்துக்கொண்டாள். அந்த முகத்தை முக்குளிப்பான் தண்ணீரிலிருந்து பார்த்தான். இனி அவனைத் தூக்கினாலும் மீனுக்கு ஒன்றும் ஆகாது.

"சார், அது அண்ணி இல்ல," என்றான். "தீனி போட்டது நான். சிவப்புத் துணியப் பாத்துட்டேதான் போட்டேன். அவங்க என் பழியத் தலைல போட்டுக்கிட்டாங்க. நான் வாய மூடிக்கிட்டு நின்னேன்."

மேனேஜரின் சிரிப்பு பாதியில் நின்றது. ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த அண்ணன், படகில் அன்றைக்குத்தான் முதல்முறையாகத் திரும்பித் தன் பெண்டாட்டியைப் பார்த்தான். மேனேஜரும் அவளைப் பார்த்து, "ஏம்மா, இத்தனை மாசம் நான் உன்னை..." என்று இழுத்தார். அண்ணி என்று கூப்பிடவே அவருக்கு மறந்துவிட்டது.

"அதெல்லாம் அப்புறம் பேசிக்கலாம் சார்," என்றாள் அவள். "முதல்ல அந்த மீனத் தண்ணில விடச் சொல்லுங்க. எவ்வளவு நேரந்தான் மூச்சில்லாம இருக்கும் அது?"

முக்குளிப்பான் கையைத் தாழ்த்தினான். மீன் ஒரு கணம் அவன் விலாவை ஒட்டியே நின்று, தண்ணீரை வாங்கி, கீழே போயிற்று. அவனும் அதன் பின்னாலேயே முங்கினான். மூச்சு முட்டும்வரை மேலே வரவில்லை. தண்ணீருக்குள் அழுதால் யாருக்குத் தெரியப் போகிறது?