உள்ளே யாரும் இல்லை

என் மச்சினனுக்கு ஆலையில் எல்லோரும் வைத்த பெயர் பிராமிஸ். வாயைத் திறந்தால் சத்தியம்தான் வரும். "சத்தியமா வந்துட்டே இருக்கேன்" என்றால் இன்னும் பல்லே தேய்க்கவில்லை என்று பொருள். "அம்மா சத்தியமா" என்றால் பாதிப் பொய். "காட் பிராமிஸ்" என்றால் முழுப் பொய், கூடவே ஒரு இளிப்பும் வரும். அக்கா மேல் சத்தியம் என்று மட்டும் அவன் ஒரு நாளும் சொன்னதில்லை. தாயில்லாத அவனைத் தூக்கி வளர்த்தவள் அவள். எனக்கு மனைவி.

இதெல்லாம் தெரிந்துதான் அன்று அவனிடம் அதைக் கேட்டு வாங்கினேன். புத்தி கெட்டவன் நான்.

ஷாம்பு கலக்கும் தொட்டிகளைச் சுரண்டிக் கழுவுவது எங்கள் வேலை. தொட்டி இரண்டு ஆள் ஆழம், மேலே ஒரு ஆள் நுழையும் அளவுக்குத்தான் வாய். நடுவே ஒரு தண்டு, அதில் நெஞ்சு உயரம் வரை நான்கு பிளேடுகள். இறங்குவதற்கு முன் பெர்மிட் எழுத வேண்டும். எழுதினால் சூப்பர்வைசர் வந்து சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியை இறங்குகிறவன் கையில் கொடுப்பார். அவர் வந்து சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். அன்று நான்கு மணிக்கு என் மனைவிக்கு ஸ்கேன். ஒன்பது வருஷம் கழித்து உண்டான பிள்ளை, ஏழாம் மாதம். நானும் கூட வர வேண்டும் என்று காலையிலேயே சொல்லி அனுப்பியிருந்தாள்.

"பெர்மிட் இல்லாமலா மாமா?" என்றான் மச்சினன்.

"அரை மணி நேர வேலை. நீ இங்கயே நில்லு. யாரு கேட்டாலும் நான் உள்ள இருக்கேன்னு சொல்லாத. தெரிஞ்சா வேலை போயிடும்."

"சத்தியமா சொல்ல மாட்டேன்."

"உன் சத்தியத்தக் கொண்டுபோய் குப்பையில போடு. அக்கா மேல சொல்லு."

அவன் முகம் சுண்டிப்போனது. "அது எதுக்கு மாமா? வயித்துல புள்ளையோட இருக்கா."

"அதனாலதான் கேக்கறேன்."

பூட்ஸையே பார்த்தான். பிறகு கம்மிய குரலில் சொன்னான். "அக்கா மேல சத்தியம். யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்."

சாமர்த்தியமாகக் காரியத்தை முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு இறங்கினேன். ஏணி உள்ளே நின்றால் சுரண்ட இடம் இருக்காது என்பதால் வழக்கம்போல அவன் அதை மேலே இழுத்துக்கொண்டான். பக்கத்துத் தொட்டியின் பம்ப் இரைச்சலில் உள்ளேயிருந்து கத்தினால் வெளியே கேட்காது. நான் சுரண்டியால் சுவரில் இரண்டு தட்டு தட்டினால் அவன் வெளியே இரண்டு தட்டு தட்ட வேண்டும். அதுதான் எங்கள் பேச்சு.

மூன்று முறை தட்டினேன், மூன்று முறையும் பதில் வந்தது. நான்காவது முறை வரவில்லை. மறுபடி தட்டினேன். அதற்கும் இல்லை. எங்கேயோ டீ குடிக்கப் போய்விட்டான் என்று அவனைத் திட்டிக்கொண்டிருக்கும்போதே சூப்பர்வைசரின் குரல் கேட்டது. அவர் எப்போதும் காதுக் கவசம் மாட்டியிருப்பவர், அதனால் ஊருக்கே கேட்கும்படிதான் பேசுவார்.

"இந்த மோட்டார் சத்தம் போடுதாமே. ஓட்டிப் பாக்கணும்."

"அப்புறமா பாக்கலாமே சார்." அவர் காதில் விழ வேண்டுமே என்று மச்சினனும் கத்தினான்.

"ஏன், உள்ள யாராவது இருக்காங்களா? பெர்மிட் எதுவும் வரலையே."

காதைச் சுவரில் வைத்தேன்.

"யாரும் இல்ல சார்."

"சத்தியமா?" அவர் கிண்டலாகச் சிரித்தார்.

"சத்தியமா சார்."

வாழ்நாளில் ஒரு சொல்லையும் காப்பாற்றாதவன், அன்று பார்த்துக் காப்பாற்றிக்கொண்டிருந்தான்.

சுரண்டியால் சுவரை அடித்தேன். கத்தினேன். என் கத்தல் எனக்கே திரும்பி வந்து காதை அடைத்தது. சூப்பர்வைசரின் பூட்ஸ் இரும்புத் தளத்தில் நடந்து போவது மட்டும் கேட்டது. சுவிட்ச் பெட்டி பத்தடி தூரத்தில் இருக்கிறது. சுவரில் ஏறப் பார்த்தேன், ஷாம்புப் பிசுக்கில் வழுக்கி விழுந்தேன். மறுபடி ஏறினேன், மறுபடி விழுந்தேன். கால்சட்டை நனைந்திருந்தது. அது ஷாம்பு இல்லை என்று எனக்குத் தெரியும். வெட்கப்படக்கூட நேரம் இல்லை. சாக பயமாக இருந்தது.

சைரன் அலறியது. பொத்தானை அழுத்திப் பிடித்தால் பத்து நொடி சைரன், அதன் பிறகு பிளேடு சுற்றும். தண்டைக் கட்டிப் பிடித்துக்கொண்டேன். ஸ்கேன் அறை வாசலில் அவள் தனியாக உட்கார்ந்து நான் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்ததும் அழுகை வந்துவிட்டது.

மேலே தொட்டி வாயில் இருந்த ஒரே வெளிச்சமும் மறைந்தது. எதுவோ பொத்தென்று என் பக்கத்தில் விழுந்தது. எலும்பு முறியும் சத்தம் கேட்டது.

மச்சினன்தான். சூப்பர்வைசர் கண்ணெதிரிலேயே அவன் தொட்டிக்குள் குதித்திருந்தான்.

சூப்பர்வைசர் பொத்தானை விட்டிருக்க வேண்டும், சைரன் நின்றது. பிளேடு அசையவில்லை. இருட்டில் அவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். கணுக்கால் ஒரு பக்கமாகத் திரும்பிக் கிடந்தது.

"நான் சொல்லல மாமா. கடைசி வரைக்கும் சொல்லல."

"யாரும் இல்லைன்னு சத்தியம் பண்ணினியேடா."

"அது சும்மா சத்தியம் மாமா."

மேலே சூப்பர்வைசர் காதுக் கவசத்தைக் கழற்றி எறிந்துவிட்டுக் குனிந்து பார்த்தார். "எதுக்குடா குதிச்ச? உள்ள வேற யாராவது இருக்காங்களா?"

தண்டுக்குப் பின்னால் இருட்டில் இருந்த என்னை அவரால் பார்க்க முடியவில்லை. மச்சினன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். வலியில் கண்ணில் நீர் கொட்டியது. அவருக்குப் பதில் சொல்லாமல் என்னையே பார்த்தான்.

"டேய், உன்னைத்தான் கேக்கறேன். வேற யாராவது இருக்காங்களா?"

"நீங்களே சொல்லிடுங்க மாமா," என்றான் என் காதுக்கு மட்டும் கேட்கும்படி. "அக்காவ நெனச்சா பயமா இருக்கு."

நான் எழுந்து வெளிச்சம் விழும் இடத்தில் போய் நின்றேன்.

"நானும் இருக்கேன் சார்."