நடுவழியில் இறங்கியவன்

யார்க்‌ஷயர் மலைச்சரிவில் சுற்றுலாவுக்காக ஓடும் அந்தப் பழைய நீராவி ரயில் கிளம்பியதிலிருந்தே நார்மனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. இடம் பிடிக்க விடிந்ததுமே தனியாக ஓடிவந்தவன், இப்போது ஆடும் மரங்களையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நாம தங்கியிருக்கிற கேரவன் வண்டி பக்கத்துல கட்டின கூடாரம் இந்தக் காத்துக்குப் பிச்சுக்கிட்டுப் போயிடும், பெரில்."

"பேசாம உக்காரு. லீவுக்குத்தானே வந்திருக்கோம்," என்றாள் மனைவி.

நடுவில் ஒரு குட்டி ஸ்டேஷன் வந்ததும், "எதிர்ல வர்ற ரயில்ல நான் திரும்பிப் போறேன்," என்று குதித்து இறங்கினான். பெரில் தடுக்கவில்லை. ரயில் போய்விட்டது.

அங்கே சம்பளமில்லாமல் ஆசைக்காக ரயிலுக்குக் கொடி காட்டிக்கொண்டிருந்த, ஓய்வுபெற்ற வங்கி மேலாளர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "எதிர் ரயிலா? எங்ககிட்ட இருக்கிறதே ஒரே எஞ்சின்தான், தம்பி. நீங்க இறங்கின வண்டியேதான் கடைசிவரைக்கும் போயிட்டுத் திரும்பி வரணும். ஒன்றரை மணி நேரமாகும்."

சாரல் அடித்தது. நார்மன் பெஞ்சில் உட்கார்ந்தான், எழுந்தான், பிளாட்பாரத்தைக் காலால் அளந்தான்.

ரயில் திரும்பி வந்து அவன் ஏறியபோது, பெரில் கையோடு கொண்டுவந்த கேக்கைத் தின்று முடித்து, ஒரு நாவலில் பாதியைத் தாண்டியிருந்தாள்.

"கூடாரம்..." என்று ஆரம்பித்தான்.

"காலையில நீ முன்னாடி ஓடினியே, அப்பவே கழட்டி மடிச்சு வச்சுட்டேன்."

"அதை அப்பவே சொல்றதுக்கென்ன?"

பெரில் பக்கத்தைப் புரட்டினாள். "சொல்லியிருந்தா நீ இறங்கியிருக்க மாட்டியே."