மூன்று பேர் கெட்டியாக்கிய பால்

நான் உணவியல் பேராசிரியையாக இருந்த காலத்தில், எங்கள் குழந்தைகள் மருத்துவமனையில் ஒரு கூட்டு வகுப்பு நடத்தினேன். மருத்துவம், செவிலியம், விழுங்கல் சிகிச்சை, உணவியல் என்று ஆளுக்கொரு திசையில் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் கூட்டத்தை ஒரே மேசையில் உட்காரவைக்கும் வகுப்பு. குழந்தைக்கு எதைக் கொடுக்கச் சொல்கிறோமோ அதை நாமும் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும், அதுதான் சட்டம். அதற்காக நான் வாங்கிய வசவுகளை அடுக்கினால் மூன்றாவது மாடியை எட்டும்.

ஒரு நாள் மேசைக்கு வந்தது எட்டு மாதப் பெண் குழந்தையின் கதை. எலும்பும் தோலுமாக இருந்ததால் வார்டில் அவளுக்குப் பெயர் 'பயில்வான்'. பாட்டிலை வாயில் வைத்தால் நாலு இழுப்பு இழுப்பாள், மூச்சு வாங்குவாள், தூங்கிப்போவாள். எல்லாப் பரிசோதனையும் செய்தாயிற்று. கோளாறு எதுவும் அகப்படவில்லை. எடை மட்டும் இறங்கிக்கொண்டே வந்தது. மறுநாள் காலை வயிற்றில் துளையிட்டுக் குழாய் வைப்பதாக முடிவாகியிருந்தது.

வகுப்புக்குப் போகும் வழியில் அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இவ வாயால குடிக்கவே மாட்டாளா மேடம்?" வகுப்பில் பேசிவிட்டு வருகிறேன் என்று கையை மெல்ல விடுவித்துக்கொண்டேன்.

குழந்தைக்குக் கலப்பதைப் போலவே கலந்த பால், பாட்டில்களில் வந்தது. அறுவை மருத்துவர் வாசலுக்கு அருகில், ஓடத் தோதாக உட்கார்ந்திருந்தார். அவர் கையில் ஒன்றைத் திணித்தேன். பால்குடி மறந்து அரை நூற்றாண்டு ஆகிறது என்று நழுவப் பார்த்தார்.

"மறந்தா திரும்பக் கத்துக்கலாம் டாக்டர். சப்புங்க."

சப்பினார். கன்னம் குழிந்தது, கழுத்து நரம்பு புடைத்தது, காது இரண்டும் ஆடின, சத்தியமாக ஆடின. பால் வரவில்லை. மற்றவர்களும் பாட்டிலை எடுத்தார்கள். படித்த பெரியவர்கள் ஒரு டஜன் பேர் சப்பிய சத்தத்தில் ஜன்னலில் இருந்த புறா பறந்துவிட்டது. ஒருவருக்கும் ஒரு சொட்டுக்கு மேல் தேறவில்லை.

தட்டில் ஊற்றிப் பார்த்தோம். ஊரிலுள்ள சுவரொட்டிகளையெல்லாம் ஒட்டலாம், அப்படி ஒரு பசை.

அப்புறம் ஆளுக்கு ஆள் தன் பங்கை ஒப்பித்தார்கள். பால் எதுக்களிக்கிறது என்று குழந்தை மருத்துவர் கெட்டிவகை பால் பவுடர் எழுதியிருந்தார். புரையேறுகிறது என்று விழுங்கல் சிகிச்சைக்காரி அதில் கெட்டிப்பொடி போடச் சொல்லியிருந்தாள். எடை ஏறவில்லை என்று சத்துமாவைச் சேர்த்தது யார்? என் துறையேதான். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

"நாங்க மூணையும் இம்மி பிசகாம கலந்தோம்" என்றார் தலைமைச் செவிலி, பெருமையும் பரிதாபமுமாக.

அறுவை மருத்துவர் பாட்டிலை இன்னும் கீழே வைக்கவில்லை. "இதைக் குடிக்க எனக்கே குழாய் வேணும்" என்றார்.

அவ்வளவுதான், அறை தேன்கூடாகிவிட்டது. சாதாரண பால் பவுடர் போதும் என்றார் குழந்தை மருத்துவர். புரையேறாத அளவுக்கு மட்டும் தன் பொடியைச் சேர்த்து, சொட்டு விழும் வேகத்தைப் பார்த்துப் பார்த்துச் சரிசெய்தாள் விழுங்கல் சிகிச்சைக்காரி. மாவை விட்டுவிட்டு, தெம்புக்குக் கொஞ்சம் எண்ணெய் கலக்கலாம் என்றோம் நாங்கள். எல்லாரும் சப்பிப் பார்த்தோம். வந்தது! மாடிப்படியில் ஊர்வலமாக ஓடினோம். என் முட்டிவலி வழியில் எங்கோ கழன்று விழுந்துவிட்டது.

பயில்வான் வழக்கம்போல நாலு இழுப்பு இழுத்தாள். நின்றாள். கண்ணை அகல விரித்து எங்களை ஒரு பார்வை பார்த்தாள், இத்தனை நாள் எங்கேடா ஒளித்துவைத்திருந்தீர்கள் என்பதைப் போல. பிறகு விட்டாள் பாருங்கள் ஓர் உறிஞ்சல்! புரையும் ஏறவில்லை, மூச்சும் வாங்கவில்லை. காலி பாட்டிலைப் பிடுங்கியதும் வார்டே அதிர அழுதாள்.

நாளைக்கு ஆப்பரேஷன் வேண்டாம், இப்படியே குடிக்கிறாளா பார்க்கலாம் என்றார் அறுவை மருத்துவர். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, எங்களைப் பொதுவாகப் பார்த்துக் கேட்டாள்.

"இன்னும் கேக்குறா. குடுக்கலாமா?"

நாலு துறையும் வாயைத் திறந்து, டக்கென்று மூடிக்கொண்டு, முதன்முறையாக ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தது.