எழும்பிய பிறகும் இருந்தவர்

முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வு நடத்தத் தேர்வாளர் வர அரை மணி நேரம் இருக்கையில் கரண்ட் போயிற்று. 2012-இல் அது தினமும் போனதுதான். ஜாஸ்பினின் கருவி யூபிஎஸ்ஸில் ஓடிக்கொண்டிருந்தது. ஆய்வகத்தின் ஏசி நின்றுவிட்டது.

இரணியல் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நாலு வருஷமாக அவள் செய்த ஆராய்ச்சி அந்தக் கருவி. நகத்தளவு சிலிக்கான் சில்லின் மேல் இருநூற்று ஐம்பத்தாறு கண்ணாடி வளையங்கள், ஒவ்வொன்றும் தலைமுடியின் கனம்கூட இல்லை. வளையத்துக்குள் ஒளி சுற்றிச் சுற்றி ஓடும். துளி சூடு பட்டாலும் அதில் தங்கும் ஒளியின் நிறம் இம்மியளவு நகரும். எந்த வளையத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று பார்த்து, எதிரே இருப்பதன் வெப்பத்தைக் கணினி படமாக வரைந்துவிடும்.

இப்போது திரை முழுக்க ஒரே வெள்ளை.

"என்ன மக்கா, ஒண்ணுமே தெரியல்ல?" என்றாள் ஆய்வக உதவியாளர் செசிலி.

"ரூம் சூடு எல்லா வளையத்துலயும் ஏறிட்டு, எக்கா. ஆளு சூடு எது, ரூம் சூடு எதுன்னு அதுக்குப் பிரிக்கத் தெரியல்ல."

சொல்லி முடித்ததும் ஜாஸ்பின் அப்படியே நின்றாள். எதிரே இருப்பதைப் பார்க்காமல் அறையின் சூட்டை மட்டும் வாங்கும் வளையங்கள் இருந்தால், அந்த அளவை மற்றவற்றிலிருந்து கழித்துவிடலாமே.

"எக்கா, அலுமினியத் தாள் இருக்கா?"

"சோறு பொதிஞ்சது இருக்கு. மீன் மணக்கும்."

கழுவித் துடைத்து, கத்தரித்து, ஓரத்து வளைய வரிசையின் மேல் அதைக் கூரைபோல நிறுத்தினாள். கணினியில் நாலு வரி எழுதினாள். திரை மெல்ல இருண்டது. வெள்ளையாகச் செசிலி மட்டும் நின்றாள்.

"இது நானா? கொள்ளாமே, அழகாத்தான் இருக்கேன்."

தேர்வாளர் இஸ்ரவேல் வேர்த்து வழிய வந்து, கருவிக்கு எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்து கேள்விகளை அடுக்கினார். ஜாஸ்பின் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னாள். கடைசியில் திரையைப் பார்க்க எழுந்து வந்தார். அதில், காலி நாற்காலியின் மேல் அவர் முதுகும் தொடையும் பளிச்சென்று பதிந்திருந்தன.

"நான்தான் எழும்பியாச்சே. அங்க இருக்கது யாரும்மா?"

"அதுவும் நீங்கதான் சார். உங்க சூடு இன்னும் எழும்பல்ல."

செசிலிக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அவருக்கும் வந்தது. உருவம் மங்கி மறையும்வரை குனிந்து பார்த்தார். போய் உட்கார்ந்துவிட்டு ஓடிவந்து மறுபடியும் பார்த்தார்.

முனைவர் பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டவர், போகும்போது அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டார். வீட்டில் காட்ட வேண்டுமாம்.