இருவருக்கு ஒரு பந்து

1

இந்தக் கதை ஒரு செருப்புத் தைப்பவரிடமிருந்து வந்தது. மறைக்க என்ன இருக்கிறது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கோல்ஃப் வரலாற்றைப் புரட்டுகிறவர்கள் எல்லாரும் வந்து நிற்கும் ஒரு செவிவழிச் செய்தி உண்டு. முந்நூறு வருடங்களுக்கும் முன்னால், இந்த ஆட்டம் யாருடைய நாட்டுக்குச் சொந்தம் என்று ஓர் இளவரசருக்கும் பக்கத்து நாட்டுப் பிரபுக்கள் இருவருக்கும் வாக்குவாதம் வந்ததாம். ஆடியே தீர்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. இளவரசர், அந்த ஊரில் நன்றாக ஆடக்கூடிய செருப்புத் தைப்பவர் ஒருவரைத் தனக்கு ஜோடியாகச் சேர்த்துக்கொண்டு ஜெயித்தாராம். இரண்டு நாடுகளுக்கு இடையே நடந்த முதல் ஆட்டம் அதுதான் என்பார்கள். எவ்வளவு உண்மையோ, தெரியாது.

எனக்கு வேறொரு கேள்வி. அந்தக் காலத்து வழக்கப்படி அவர்கள் இருவருக்கு ஒரு பந்து என்று ஆடியிருந்தால்? ஒருவர் அடித்த பந்து எங்கே கிடக்கிறதோ அங்கிருந்து மற்றவர் அடிக்க வேண்டும். இளவரசர் பந்தைப் புதருக்குள் தள்ளினால் செருப்புத் தைப்பவர்தான் முள்ளில் இறங்க வேண்டும். அப்போது அவர் முகம் எப்படி இருந்திருக்கும்?

'புதருக்குள் இறங்கியவர் இளவரசரைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. ஏனென்றால்

(ஏனென்றால் பார்த்தால் தலை போய்விடும். வாயைத் திறக்க முடியாத ஆளை வைத்துக்கொண்டு எத்தனை பக்கம் ஓட்டுவது? இதை இங்கேயே விட்டுவிட்டேன்.)

எனக்கு வேறு ஜோடி தேவைப்பட்டது. இஷ்டத்துக்கு வாயைத் திறக்கவும் முடிய வேண்டும், திறக்காமலே ஆளைக் கொல்லவும் தெரிந்திருக்க வேண்டும். அதிக நேரம் யோசிக்கவில்லை. அண்ணியும் நாத்தனாரும்.

2

'அன்று காலையில் கடற்காற்று மேற்கிலிருந்து

இல்லை. காற்று அப்புறம் வரட்டும். முதலில் மணிக்கட்டு.

நாத்தனார் பல் மருத்துவர். வலது மணிக்கட்டில், சுண்டுவிரல் பக்கமாக இருக்கும் தசைநார் அவளுக்கு நைந்துபோயிருக்கிறது. ஸ்கேனைப் பார்த்த எலும்பு மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை.

"இன்னொரு தடவ வெடுக்குன்னு திரும்புச்சுன்னா அறுந்துடும். ஆபரேஷன் பண்ணலாம். ஆனா பழைய கை வரும்னு நான் சொல்ல மாட்டேன்."

பல்லின் வேருக்குள் முடி கனத்தில் ஊசியை விட்டு வேலை செய்கிறவளுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படவில்லை. ஸ்கேனை அலமாரியில் துணிகளுக்கு அடியில் சொருகிவிட்டு, அடுத்த வாரமே நாட்டின் பெண்கள் கோல்ஃப் அணியோடு புறப்பட்டுவிட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. அதற்குக் காரணம் இருந்தது. போன முறை இதே மணிக்கட்டு வலித்தபோது அவள் அண்ணியிடம் சொன்னாள்.

அண்ணி என்றால் அண்ணன் கல்யாணம் செய்துகொண்டு வந்த பிறகு பழக்கமானவள் இல்லை. இருவரும் ஒரே பயிற்சித் திடலில் பந்து பொறுக்கி வளர்ந்தவர்கள். அவளை வீட்டுக்கு அழைத்து வந்து அண்ணன் கண்ணில் காட்டியவளே நாத்தனார்தான். அண்ணிக்குத் தொழில் பிசியோதெரபி. அதனால் அன்றைக்குச் சமையலறை மேடையில் ஏறி உட்கார்ந்து கையை நீட்டியபோது, நாத்தனாருக்கு அது மருத்துவரிடம் காட்டுவது போலவும் இருந்தது, தோழியிடம் காட்டுவது போலவும் இருந்தது.

"இது நமக்குள்ள இருக்கட்டும்."

"சரி."

அந்த வாரக் கடைசியில் அணியின் கேப்டன் நாத்தனாருக்குப் போன் செய்தார். கை குணமாகட்டும், அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம் என்றார். அவளுக்குப் பதிலாக அணியில் போனவள் அண்ணி.

3

இந்த இடத்தில் நான் மாட்டிக்கொண்டேன். எனக்கு அண்ணி பிடிபடவில்லை.

முதல் வரைவில் அவள் இடத்தைப் பிடிக்கவே போட்டுக்கொடுத்தாள். எழுதிப் படித்துப் பார்த்தால், கண்ணை உருட்டுகிற தொலைக்காட்சித் தொடர் அண்ணி. பின்னணி இசைகூடக் கேட்டது. கிழித்தேன். இரண்டாவது வரைவில் கெட்ட பெயரைத் தன் தலையில் போட்டுக்கொண்டு நாத்தனாரின் கையைக் காப்பாற்றினாள். அதைப் படித்தபோது எனக்கே அவளை நாலு வார்த்தை கேட்கலாம் போலிருந்தது. அதையும் கிழித்தேன்.

மிஞ்சியது இவ்வளவுதான். அந்தக் கையோடு ஆடினால் கெட்டுப்போகும் என்று அண்ணி நிஜமாகவே பயந்தாள். கேப்டனிடம் சொன்னாள். கேப்டன், "அப்ப நீ வரியா?" என்று கேட்டார். அண்ணி கொஞ்சம் பேசாமல் இருந்தாள். பிறகு, "வரேன்" என்றாள்.

(அந்தக் கொஞ்சத்துக்குள் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அவளுக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன்.)

நாத்தனார் ஒரே ஒரு தடவை நேருக்கு நேர் கேட்டாள்.

"என் கையக் காப்பாத்துனீங்களா, என் எடத்தப் பிடிச்சீங்களா?"

அதுவரை நீ, வா, போ என்று பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று மரியாதை கொடுத்ததிலேயே அண்ணிக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"ரெண்டும் ஒண்ணா நடந்துடுச்சு. நான் என்ன பண்ணட்டும்?"

அதற்குப் பிறகு எல்லாப் பேச்சும் அண்ணன் வழியாகத்தான். ஒரே மேஜையில் உட்கார்ந்துகொண்டு, "அண்ணா, உப்பு அந்தப் பக்கம் இருக்கான்னு கேளு" என்பாள் நாத்தனார். அண்ணன் சாப்பாட்டு நேரத்துத் தபால்காரனாகி, இரண்டு பக்கமும் முறைப்பை வாங்கிக்கொண்டு காலம் தள்ளினான்.

4

இப்போது காற்று வரலாம்.

போட்டி நடந்தது கடலோர மணல்மேட்டில் இருக்கும் ஒரு பழைய கிளப்பில். உலகிலேயே பழமையானது என்று வாசலில் பலகை மாட்டியிருக்கிறார்கள். அந்தக் கடற்கரையிலேயே இன்னொரு ஊரிலும் அப்படி ஒரு பலகை உண்டு. எங்கள் சங்கம் பழையது என்பது ஒருவர் கட்சி, எங்கள் தரை பழையது என்பது மற்றவர் கட்சி. ஒரு காலத்தில் அரசர் ஒருவர், ஜனங்கள் வில் பயிற்சியை விட்டுவிட்டு இதையே ஆடித் திரிகிறார்கள் என்று இந்த ஆட்டத்தையே தடை செய்தார். அவர் உயிரோடு இருந்திருந்தால் இரண்டு பலகைகளையும் சேர்த்துக் கழற்றியிருப்பார்.

இத்தனை பழமையான இடத்தில் பெண்களின் நாட்டு அணிகள் மோதுவது இதுதான் முதல் தடவை. உடை மாற்றத் தனி அறை கிடையாது. உடைந்த மட்டைகளையும் கிழிந்த கொடிகளையும் போட்டு வைக்கிற அறையைப் பெருக்கிக் கொடுத்திருந்தார்கள். கிளப்பின் ஆண்டு விழாவுக்காக ஆட்டமும் பழைய முறையிலேயே: இருவருக்கு ஒரு பந்து.

இந்த முறை அண்ணியும் அணியில் இருந்தாள். கடைசி நாள் காலையில் அவள் ஜோடி வாந்தி எடுத்துப் படுத்துவிட்டாள், அன்றைக்கு ஜோடி இல்லாமல் மிச்சம் இருந்தவள் நாத்தனார்தான். கேப்டன் அந்த அறையில் கிழிந்த கொடிகளுக்கு நடுவே நின்றுகொண்டு இருவரையும் பார்த்தார். சுங்க இலாகாவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். பெட்டியைத் திறக்காமலே உள்ளே என்ன இருக்கிறது என்று மோப்பம் பிடிக்கிற பார்வை.

"உங்க ரெண்டு பேரையும் சேர்த்துப் போடறேன். பேசிக்கலன்னாலும் பரவால்ல. பந்துக்குக் காது கெடையாது." பிறகு நாத்தனாரிடம், "கை?"

"நல்லாருக்கு."

அண்ணி ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தாள். தலையை நிமிர்த்தவில்லை.

5

எதிர் ஜோடியில் ஒருத்தி நெட்டை, இன்னொருத்தி பின்னல்காரி. இருவரும் சிரிக்காமல் ஆடுகிறவர்கள். மொத்தம் பதினெட்டு குழி, குறைந்த அடியில் பந்தை உள்ளே போட்டவர்களுக்கு அந்தக் குழி. நம் ஆட்கள் ஒரு குழியை ஜெயித்தால் அடுத்ததில் பிடித்துவிடுவார்கள்.

ஏழாவது குழியில் நாத்தனார் பந்தை உருட்டி விழவைத்தாள். குனிந்து அதை எடுத்தாள், இடது கையால். அவ்வளவுதான். அண்ணிக்குத் தெரிந்துவிட்டது.

(எனக்கு இங்கே இரண்டு பக்கம் அண்ணியின் மனதுக்குள் போய் எழுத ஆசை. ஆனால் நான் நாத்தனாரின் தோளுக்குப் பின்னால் நின்று பார்க்கிறேன். அவளுக்குத் தெரிந்தது அண்ணியின் முதுகு மட்டும்.)

அந்த முதுகு அதற்குப் பிறகு வேறு மாதிரி ஆடியது. துணிந்து, குழியில் நட்ட கொடியை நோக்கி அடிக்க வேண்டிய இடங்களில் அண்ணி பந்தைச் சீராக வெட்டிய புல்லின் நடுவே கொண்டுபோய் வைத்தாள். மணலும் இல்லை, மேடும் இல்லை. நாத்தனார் அடிக்க வேண்டிய ஒவ்வொரு அடியும் தலையணை மேல் வைத்துக் கொடுத்தது போல வந்து சேர்ந்தது. இரண்டு மூன்று குழி போனதும் நாத்தனாருக்கு விஷயம் புரிந்தது. அண்ணி தெரிந்துகொண்டாள். இனி எந்த நிமிஷமும் யாரிடமாவது போய்ச் சொல்லப் போகிறாள்.

பன்னிரண்டாவதில் அண்ணி பக்கத்தில் வந்து நின்றாள்.

"கை எப்படி இருக்கு?"

"காத்து எப்படி இருக்குன்னு மட்டும் சொல்லுங்க."

"எடமிருந்து. பலமா." கொஞ்சம் நின்று, "வீங்கியிருக்கு. இங்கேருந்தே தெரியுது."

"அப்ப பாக்காதீங்க."

6

பதினெட்டாவது குழிக்கு வரும்போது அவர்கள் சமம். மற்ற ஜோடிகள் எல்லாம் முடித்துவிட்டார்கள். அங்கேயும் கூட்டிக் கழித்தால் இரண்டு நாடுகளும் சமம். மிச்சம் இருந்தது இந்த ஒரு குழி. கயிற்றுக்கு வெளியே இரண்டு அணிகளும் நின்றன. கேப்டன் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். ஆட்டம் பார்க்க வந்திருந்த அண்ணன் நின்ற இடத்தில் நிற்க முடியாமல் நடந்துகொண்டிருந்தான்.

நாத்தனார் முதல் அடியை அடித்தாள். பந்து நேராகத்தான் போனது. முழங்கை வரைக்கும் ஒரு சூடு ஏறி இறங்கியது. இரண்டாவது அடி அண்ணியுடையது. எப்போதும்போலப் பத்திரமான பக்கத்தைப் பார்த்து அடித்தாள். பந்து உயரத்தில் இருக்கும்போது காற்று சட்டென்று திசை மாறியது. திரும்பிய பந்து, மேட்டின் அடியில் யாரும் வெட்டாத புல்லுக்குள் விழுந்தது.

எதிரணியின் பந்து இரண்டே அடியில் கொடி நட்ட பரப்பின் மேல் ஏறி நின்றது.

புல் முழங்காலுக்கு வந்தது. ஈரத்தில் கயிறு கயிறாகத் திரிந்து கிடந்தது. அதற்கு அடியில் பந்து வெள்ளையாக ஒரு நகம் அளவு தெரிந்தது. அடுத்த அடி நாத்தனாருடையது. வேகமாக வீசி அடித்தால் அந்தப் புல் பாதியில் மட்டையைப் பிடித்துக்கொள்ளும். மட்டை நிற்கும், கை நிற்காது. வெடுக்கென்று திரும்புவது என்று மருத்துவர் சொன்னது இதைத்தான்.

ஒரு விதியை இங்கே சொல்லியாக வேண்டும். ஜோடியில் யார் வேண்டுமானாலும் நடுவரைப் பார்த்து, இந்தக் குழியை விட்டுக்கொடுத்துவிட்டோம் என்று சொல்லலாம். மற்றவள் சம்மதம் தேவையில்லை. சொன்ன வார்த்தையைத் திரும்ப வாங்க முடியாது.

நாத்தனார் மட்டையைப் பிடித்தாள். பிடி இறுகவில்லை. விரல்களை விரித்து மறுபடி பிடித்தாள். நிமிர்ந்தபோது அண்ணி அவளைப் பார்க்கவில்லை, கூப்பிடு தூரத்தில் நின்ற நடுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அண்ணியின் கை பாதி உயர்ந்திருந்தது. உதடு பிரிந்திருந்தது.

'அண்ணி, வேண்டாம் என்று அவள் கத்த

(கத்தவில்லை. அப்படி எழுதிப் பார்த்தேன், பொய்யாக இருந்தது. கத்தினால் நடுவருக்கே விஷயம் தெரிந்துவிடுமே.)

'அவள் கண்ணை மூடிக்கொண்டு மட்டையை வீச

(இதையும் எழுதினேன். கை அறுந்தது, பந்து பறந்தது, கூட்டம் எழுந்தது. நான்கு வரிகள். அப்புறம் அவள் வாசலில் பல் வலியோடு காத்திருப்பவர்களை நினைத்து அந்த வரிகளை அடித்துவிட்டேன்.)

நடந்தது இது. நாத்தனார் முந்திக்கொண்டாள்.

"டிராப் எடுக்கறோம்" என்றாள் நடுவரிடம். குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

ஆட முடியாத இடத்திலிருந்து பந்தை எடுத்து, ஓர் அடியை அபராதமாகக் கொடுத்துவிட்டு, வெளியே போட்டு ஆடுவது. புதிய சலுகை எதுவும் இல்லை. இந்த ஆட்டத்துக்கு முதன்முதலில் எழுதி வைத்த பதின்மூன்று விதிகளிலேயே, தண்ணீரிலும் சேற்றிலும் விழுந்த பந்துக்கு இப்படி ஒரு வழி உண்டு. ஆனால் இந்த நேரத்தில் ஓர் அடியைக் கொடுப்பது ஏறக்குறைய கோப்பையைக் கொடுப்பது. அது அவளுக்கும் தெரியும்.

நடுவர் தலையசைத்துவிட்டு அண்ணி பக்கம் திரும்பினார்.

"நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க?"

"ஒண்ணுமில்ல" என்றாள் அண்ணி. கையை இறக்கினாள்.

வெட்டிய புல்லிலிருந்து நாத்தனார் மெதுவாகத் தூக்கி அடித்தாள். வலித்தது, ஆனால் கை தாங்கியது. பந்து கொடிக்குக் கொஞ்சம் தள்ளிப் போய் நின்றது. நெட்டை உருட்டியது குழியை ஒட்டிக் கடந்துபோனது. அண்ணி நெடுநேரம் குனிந்து பார்த்தாள். பிறகு அத்தனை தூரத்திலிருந்து உருட்டி உள்ளே போட்டாள். கயிற்றுக்கு வெளியே சத்தம் எழுந்து அடங்கியது. இனி பின்னல்காரி தவறவிட்டால் சமம்.

அவள் பின்னலைத் தோளுக்குப் பின்னால் தள்ளிவிட்டு உருட்டினாள். பந்து விளிம்பில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு விழுந்தது.

கோப்பை போய்விட்டது. நான்கு பேரும் கை குலுக்கினார்கள். நாத்தனார் இடது கையை நீட்டினாள். பின்னல்காரி ஒரு கணம் அதைப் பார்த்தாள். பிறகு ஒன்றும் கேட்காமல் தானும் இடது கையைக் கொடுத்தாள்.

7

இங்கே முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் உடை மாற்றும் அறைக்கு அவர்கள் இருவரும் தனியாகத்தான் வந்தார்கள். கேப்டன் வாசலிலேயே அண்ணனை மடக்கிக்கொண்டார்.

நாத்தனார் பெஞ்சில் உட்கார்ந்தாள். அண்ணி எதுவும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கட்டைவிரலால் சுண்டுவிரல் பக்கமாக மெல்ல அழுத்தி அழுத்திப் பார்த்தாள்.

"இங்க?"

"ம்."

"இங்க?"

"ம். அண்ணி, ஒண்ணு கேக்கட்டா?"

அண்ணன் இல்லாமல் நேராகக் கேட்ட கேள்வி. அண்ணியின் விரல் நின்றது.

"நான் டிராப்னு சொல்லலன்னா, நீங்க நடுவர்கிட்ட சொல்லியிருப்பீங்களா?"

அண்ணியின் பதிலை நான் பல விதமாக எழுதினேன். 'சொல்லியிருப்பேன்' என்று எழுதியபோது அவள் நேர்மையானவளாகவும் திருந்தாதவளாகவும் ஒரே நேரத்தில் தெரிந்தாள். 'மாட்டேன்' என்று எழுதினேன். நாத்தனார் நம்பவில்லை, நானும் நம்பவில்லை. 'தெரியலடி' என்று எழுதிவிட்டு ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன். மறுநாள் காலையில் அது நான் தப்பித்துக்கொள்கிற வழியாகத் தெரிந்தது. அடித்துவிட்டேன்.

ஆகவே பதில் என்னிடம் இல்லை. உங்களுக்கு ஓர் அண்ணியோ நாத்தனாரோ இருந்தால், இந்த இடத்தை என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும், நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். நான் பார்த்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். அண்ணி அவள் கையை மடியிலிருந்து விடவில்லை. தலையை நிமிர்த்தினாள். உதடு பிரிந்தது.

இந்தத் தடவை நாத்தனார் முந்திக்கொள்ளவில்லை.