உம் கொட்ட ஓர் ஆள்

பேய்க்கதை எழுதுகிறவளுக்குப் பேய் பயம் இருக்காது என்று பலர் நினைக்கிறார்கள். எனக்கு உண்டு. நன்றாகவே உண்டு. பயம் எந்த இடத்தில் வந்து பிடிக்கும் என்று தெரியாதவளுக்கு இந்தப் பிழைப்பு ஒருநாள்கூட ஓடாது.

என் பெயர் ஆஞ்சலா. காக்ஸ் டவுனில் சர்ச்சுக்குப் பின்னால் இருக்கிற ஒரு பழைய ஓட்டு வீட்டின் பாதியில் நானும், என் கணவர் டொமினிக்கும், மகள் ஜோவிதாவும் குடியிருக்கிறோம். டொமினிக் பள்ளிக்கூட வாத்தியார். ட்யூஷனையும் முடித்துக்கொண்டு இருட்டிய பிறகுதான் வீடு வந்து சேருவார். ஜோவி ஒன்றாம் வகுப்பு. நான் ஆடியோ கதை ஆப் ஒன்றுக்குப் பேய்க்கதைகள் எழுதுகிறேன். பழைய ராஜா ராணி கதைகளை இந்தக் காலத்துக்கு மாற்றி எழுதுவதும் உண்டு. குரலும் நான்தான். ஏழு கடலுக்கு அப்பால் கிளிக்குள் உயிரை ஒளித்து வைத்த அரக்கன் என் கதையில் ஒயிட்ஃபீல்டில் உச்சி மாடி ஃப்ளாட்டில் இருப்பான். அவன் உயிர் ஒரு பழைய செல்போனில் சார்ஜ் இறங்காமல் கிடக்கும். சிரிக்காதீர்கள், அந்தக் கதைக்கு ரசிகர்கள் அதிகம்.

ஒலிப்பதிவு வீட்டிலேயே நடக்கும். எங்கள் படுக்கையறைச் சுவரில் வெள்ளைக்காரன் காலத்துத் தேக்கு அலமாரி ஒன்று பதித்திருக்கிறது. உள்ளே ஸ்டூல் போட்டு ஆள் உட்காரலாம். ஈஸ்ட் ஸ்டேஷன் ரயில் சத்தமோ மார்க்கெட் ரோட்டு ஹாரனோ அதற்குள் எட்டாது. மாட்டியிருக்கிற புடவைகள் எதிரொலியை விழுங்கிவிடும். கதவைச் சாத்திவிட்டால் நான் தொண்டை கிழியக் கத்தினாலும் வெளியே யாருக்கும் கேட்காது. பேய்க்கதையில் கத்துவதற்கு நிறைய வேலை இருப்பதால் அதற்காகவே அந்த இடத்தைப் பிடித்து வைத்திருந்தேன். ஒரே தொல்லை, கதவுக்கு உள்பக்கம் பிடி கிடையாது. முழுக்கச் சாத்தினால் வெளித் தாழ்ப்பாள் தானாக விழுந்துவிடும். அதனால் ஒரு துண்டை மடித்து இடுக்கில் செருகிவிட்டுத்தான் உட்காருவேன்.

எழுதுவதில் எனக்கென்று ஒரு முறை உண்டு. எதை எழுதினாலும் முதலில் ஜோவிக்குச் சொல்வேன். பயங்கரமான இடங்களைப் பூசி மெழுகித்தான் சொல்வேன், பெற்றவள் அல்லவா. அவள் உம் கொட்டுவாள். சுறுசுறுப்பான உம், இழுக்கிற உம், ஜன்னலைப் பார்த்துக்கொண்டே போடுகிற உம் எல்லாம் எனக்கு அத்துப்படி. எங்கே உம் தொய்கிறதோ அந்த இடத்தை வெட்டி எறிந்துவிடுவேன். உம் கொட்ட ஆள் இல்லாமல் கதை சொல்லாதே, வேறு யாராவது கொட்டிவிடுவார்கள் என்று என் அம்மா மிரட்டுவாள். அதையும் ஒரு கதையாக எழுதித் தள்ளியிருக்கிறேன்.

தசரா விடுமுறைக்கு ஜோவி நீலசந்திராவில் என் நாத்தனார் சுனிதா வீட்டுக்குப் போனாள். அடுத்த பகுதி எங்கே எங்கே என்று ஆப்காரர்கள் உயிரை எடுத்தார்கள். வேறு வழியில்லாமல், உம் கொட்ட ஆள் இல்லாமலே அலமாரிக்குள் உட்கார்ந்து கதையைச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலை மைக்கேல்ராஜ் போன் செய்தான். ஆப்பில் ஒலியைச் சுத்தம் செய்கிற பையன்.

"அக்கா, சக்கத்தா, சூப்பரா வந்திருக்கு. பாப்பா உம் கொட்றதையும் சேத்துட்டீங்களே, செம ஐடியா."

"எந்தப் பாப்பா?"

"ஒங்க பாப்பாதான். நீங்க நிறுத்துற எடத்துலல்லாம் கரெக்டா உம் போடுது. கொரல்தான் கொஞ்சம் வயசானவங்க மாதிரி இருக்கு. சளியா அதுக்கு?"

ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு கேட்டேன். அவன் சொன்னது உண்மை. என் குரல் நிற்கிற இடத்திலெல்லாம், மைக்குக்கு மிகவும் பக்கத்தில், "உம்." அலமாரியைத் திறந்து புடவைகளை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தேன். பின்னால் சுவர் இருந்தது.

நியாயமாக அதை அழிக்கச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கேட்கக் கேட்க எனக்கு அது பிடித்துப்போய்விட்டது. அவசரம் இல்லை, அலட்சியம் இல்லை. நான் மூச்சு வாங்கும் வரை பொறுத்திருந்து, அடுத்ததைச் சொல் என்று கேட்கிற உம் அது. ஒரு கதைக்காக எத்தனையோ காலம் காத்துக் கிடந்தவர் கொட்டுகிற உம். எழுதுகிறவளுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? "இருக்கட்டும் விடு" என்று மைக்கேல்ராஜிடம் சொன்னேன். அந்தப் பகுதியைக் கேட்டவர்கள் உம்முக்காகவே திரும்பத் திரும்பக் கேட்டார்கள். ஜோவி சுனிதா வீட்டிலிருந்து திரும்பி வந்த பிறகு அவளுக்குக் கதை சொல்வதை விட்டுவிட்டேன். அவளைவிட அலமாரியில் எனக்கு நல்ல ஆள் கிடைத்திருந்தது.

ஜோவி இதற்குக் கோபித்துக்கொள்ளவே இல்லை. அதுவே எனக்கு உறைத்திருக்க வேண்டும். ஒரு சாயங்காலம் சர்ச் மணி அடிக்கிற நேரம், அடுப்பில் பாலை வைத்துவிட்டு அவளைத் தேடிப் போனேன். படுக்கையறையில் சாத்தியிருந்த அலமாரிக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சற்று நேரம் அமைதி. பிறகு "உம்" என்றாள். மறுபடி அமைதி. "உம்."

"யாரு பாப்பா கதை சொல்றா?"

"நீதான் மம்மி."

"நான் இங்கல்ல நிக்கறேன்."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். பிறகு அலமாரியைப் பார்த்தாள். அவளுக்குக் குழப்பமே இல்லை. "உள்ள இருக்கிற மம்மி" என்றாள். "நீ அவங்களுக்கு அவ்ளோ கதை சொன்ன இல்ல? இப்ப அவங்க சொல்ற டர்னாம். கதை முடிஞ்சதும் என்னைக் கூட்டினு போயிடுவாங்களாம்."

"எங்க?"

"கதைக்குள்ள."

சமையலறையில் பால் பொங்கி வழிந்து தீய்ந்தது. என்னால் நகர முடியவில்லை. அவ்வளவு பயத்தை நான் எந்தக் கதையிலும் எழுதியதில்லை, எழுதவும் தெரிந்திருக்காது. என் பிள்ளையை யாரோ கேட்கிறார்கள், அவளும் சரியென்று உட்கார்ந்திருக்கிறாள்.

டொமினிக்கிடம் சொன்னேன். "நீ எழுதறதைக் கேட்டுக் கேட்டுக் கொழந்த அதே மாதிரி வெளையாடுது. கொஞ்ச நாளைக்கு எழுதறதை நிறுத்து" என்றார். ஆனாலும் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஃபாதரை அழைத்து வந்தார். ஃபாதர் மந்திரித்த நீரைத் தெளித்துவிட்டுப் போனார். சாயங்காலம் ஜோவி கதவில் இருந்த ஈரத்தைத் தன் கவுனால் துடைத்துவிட்டு உட்கார்ந்தாள். மறுநாள் அவளைத் தூக்கிக்கொண்டு நீலசந்திராவுக்கு ஓடினேன். மணி அடிக்கிற நேரம் வந்ததும் சுனிதா வீட்டு இரும்பு பீரோவுக்கு முன்னால் சம்மணம் போட்டுவிட்டாள். "மம்மி, பாதி கதைக்கு மேல ஆயிடுச்சு" என்று எனக்கு ஆறுதல் மாதிரிச் சொன்னாள்.

வீட்டுக்குத் திரும்பினோம். இந்த மாதிரிக் கதைகளின் சட்டம் எனக்குத் தெரியும், அதை வைத்துத்தான் சோறு தின்கிறேன். ஓடுகிறவர்கள் பிடிபடுவார்கள், அழுகிறவர்கள் சீக்கிரம் பிடிபடுவார்கள், பேரம் பேசுகிறவர்கள் கொஞ்சம் தாக்குப்பிடிப்பார்கள். ஜோவியை ஹாலில் டிவிக்கு முன்னால் உட்கார வைத்தேன்.

"யாராவது கதை சொன்னா இனிமே உம் கொட்டாத. ஏன்னு கேளு. ஏன் ஏன்னு கேட்டுக்கினே இரு. அப்ப கதை நகராது. புரிஞ்சுதா?"

"ஏன் மம்மி?" என்று கேட்டுவிட்டுச் சிரித்தாள். முன்பல் விழுந்த இடம் தெரிந்தது.

அலமாரிக்குள் போய், இடுக்கில் துண்டைச் செருகி, இருட்டில் உட்கார்ந்தேன். "பாப்பாவ விடு. அவளுக்குப் பதிலா நான் கேக்கறேன்" என்றேன்.

புடவைகளுக்குப் பின்னால் யாரோ தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். பேசியது என் குரல்தான். ஆப்பில் வருகிற அதே குரல், அதே ஏற்ற இறக்கம்.

"ஒரு காட்டுல ஒரு பாழடைஞ்ச பங்களா இருந்துச்சு. அதுல ஒரு அம்மா இருந்தா. அவகிட்ட நெறைய கதை இருந்துச்சு. கேக்கத்தான் புள்ள இல்ல. அதனால அவ ஒரு புள்ளையத் தேடிக் கெளம்பினா."

பயத்தில் பல் கிட்டித்துப்போயிருந்தது. அந்த நேரத்திலும் எனக்கு எரிச்சல் வந்தது. பாழடைந்த பங்களாவாம்!

"நிறுத்து" என்றேன். "காடு, பங்களா, வௌவால்னு எத்தினி பேர் சொல்லியாச்சு? கேக்கறவங்களுக்குத் தெரிஞ்ச எடமா இருக்கணும். இது சரியில்ல. திருத்தி எடுத்துனு வா."

என் கதைகளை ஆப்காரர்கள் இப்படித்தான் திருப்பி அனுப்புவார்கள். அது போய்விட்டது, உள்ளே வெறும் புடவைகளும் நானும் மட்டும்தான். வெளியே ஓடிவந்து பார்த்தேன். ஜோவி டிவியைப் பார்த்தபடி பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள். எனக்கு வழி புரிந்துவிட்டது. முடியாத கதையைக் காட்டி யாரையும் கூட்டிக்கொண்டு போக முடியாது. நான் குறை சொல்லிக்கொண்டே இருந்தால் போதும், என் பிள்ளை என்னிடம் இருப்பாள்.

குறை சொல்வதற்கா எனக்குச் சொல்லித்தர வேண்டும்? தினமும் சாயங்காலம் போய் உட்கார்ந்தேன். ஆரம்பம் இழுக்கிறது என்றேன். நடுவில் தேவையில்லாத மழை என்றேன். அதுவும் சளைக்காமல் திருத்திக்கொண்டு வந்தது. நான் சொன்ன ஒன்றைக்கூட அது மறக்கவில்லை. தெரிந்த இடமாக இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, பங்களா போய்க் காக்ஸ் டவுன் வந்தது. பிறகு எங்கள் தெரு வந்தது. "அந்த அம்மாவுக்கு மொகமே தெரியலையே" என்றேன் ஒருநாள். மறுநாள் அவளுக்கு என் முகம் இருந்தது, நான் தேய்க்கிற தலைவலித் தைலத்தின் வாசனைகூட இருந்தது. இன்னொரு நாள் வேறு எதுவும் தோன்றாமல், "புள்ள பொம்ம மாதிரி இருக்கு, உசிரே இல்ல" என்று சொல்லித் தொலைத்தேன். அதைச் சொன்ன நாக்கை அறுத்துப் போட வேண்டும். மறுநாள் கதையில் வந்த பிள்ளைக்கு முன்பல் இல்லை. முழங்காலில் காய்ந்த புண் இருந்தது. இட்லியின் ஓரத்தை மட்டும் தட்டில் மிச்சம் வைத்தாள்.

அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குத் தெரிந்தது. நேரம் கடத்துவதாக நினைத்து, அதற்கு எழுதக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆனால் நிறுத்தவும் முடியாது. நான் போகாவிட்டால் அது ஜோவியைக் கூப்பிடும்.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. டொமினிக் வர நேரம் ஆகும் என்று மெசேஜ் போட்டிருந்தார். ஜோவிக்கு டிவியைப் போட்டுவிட்டு, துண்டைச் செருகி உட்கார்ந்தேன். இந்த முறை அது செருமவில்லை.

"காக்ஸ் டவுன்ல ஒரு அம்மா இருந்தா. ஒரு கதை முடிஞ்சா அவ புள்ள போயிடும்னு அவளுக்குத் தெரியும். அதனால தெனமும் அலமாரிக்குள்ள உக்காந்து அந்தக் கதைக்குக் குறை சொல்லினே இருந்தா."

குறை தேடினேன். தொடக்கம் கச்சிதம். ஒரு வார்த்தை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அது மேலே சொல்லிக்கொண்டே போனது. அந்த அம்மாவின் பயத்தை, பொங்கி வழிந்த பாலை, ஓடிப்போய்த் திரும்பி வந்ததை எல்லாம் நான் சொல்லியிருக்கக்கூடிய விதத்திலேயே சொன்னது. பொய் சொல்வானேன், என்னைவிட நன்றாகச் சொன்னது. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நிறுத்து என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"அந்த அம்மா கெட்டிக்காரிதான். ஆனா நல்ல கதைன்னா அவளால நிறுத்த முடியாது."

"உம்" என்றேன்.

என் வாய்தான் சொன்னது. சொன்ன பிறகுதான் எனக்கே கேட்டது. அதே நேரத்தில் கதவுக்கு வெளியே, இடுக்குக்குப் பக்கத்தில், இன்னொரு குரல் கேட்டது.

"ஏன் மம்மி? ஏன் நிறுத்த முடியாது?"

ஜோவி! டிவியை விட்டுவிட்டு வந்து கதவில் காதை வைத்திருக்கிறாள். நான் சொல்லிக்கொடுத்தபடியே ஏன் என்று கேட்கிறாள் என் தங்கம், எனக்கு உதவி செய்கிறதாக நினைத்துக்கொண்டு. இன்னும் நன்றாகக் கேட்க வேண்டும் என்று உடம்பு மொத்தத்தையும் கதவில் சாய்த்தாள். துண்டு நழுவி என் காலில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது. வெளியே தாழ்ப்பாள் டக்கென்று விழுந்தது.

புடவைகளுக்குப் பின்னால் இப்போது யாரும் இல்லை. எனக்கு அது உடனே தெரிந்துவிட்டது. எந்தச் சத்தமும் எட்டாத அந்தக் கதவைத் தாண்டி, வெளியே என் குரல் கேட்டது, மிகவும் பிரியமாக.

"அதுவா கண்ணு? சொல்றேன், உக்காரு."

"ஜோவி! கேக்காத! தாழ்ப்பாளத் தெற!" என்று கத்தினேன். இரண்டு கையாலும் கதவை இடித்தேன், காலால் உதைத்தேன். சத்தமெல்லாம் புடவைகளுக்குள் போய் அடங்கியது.

"உள்ள இருந்த அம்மா கத்திப் பாத்தா. கதவ இடிச்சுப் பாத்தா" என்று வெளியே என் குரல் நிதானமாகச் சொன்னது. "ஆனா அந்த அலமாரிக்குள்ள கத்துனா வெளிய கேக்காது. அதுக்காகத்தான் அவ அந்த எடத்தப் புடிச்சு வெச்சிருந்தா."

பிறகு அது நிறுத்தியது, நான் மூச்சு வாங்குவதற்கு எவ்வளவு நேரம் நிறுத்துவேனோ அவ்வளவு நேரம். ஏன்னு கேளு பாப்பா, ஏன்னு கேளு, ஏன்னு கேளு என்று கதவில் நெற்றியை முட்டிக்கொண்டு கதறினேன்.

"உம்" என்றாள் ஜோவி.